ஒரே காலனி, ஒரே நாடு, இரண்டு விசா

கடந்த மாசி மாதம் என் அம்மா இறந்துபோனார். மலேசியாவில் இருக்கும் பேரப்பிள்ளைகள் இருவரும் வந்துவிடட்டும் என்று சொந்தபந்தம் எல்லாம் சொன்னதால் ஐஸ் பெட்டியில் ஒரு நாள் வைத்திருந்தோம். மறுநாள் முற்பகல் என் அக்கா மகள் வந்து சேர்ந்தாள். பினாங்கில் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, வாடகைக் கார் பிடித்து, நேராக விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள எங்கள் காலனிக்கு வந்துவிட்டாள். என் அண்ணன் மகன் வரவில்லை. கிள்ளானில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் நின்றுகொண்டு, செல்போன் வீடியோவில் ஆயாவின் முகத்தைப் பார்த்து அழுதான்.

"சித்தப்பா, பாஸ்போர்ட்டு மொதலாளிகிட்ட இருக்கு. கேட்டுப் பாத்தேன். பர்மிட்டு புதுப்பிக்கக் குடுத்திருக்கு, இப்ப தர முடியாதுன்றாரு" என்றான்.

இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒரே ஆயா வளர்த்த பிள்ளைகள். இருவருக்கும் விசா கொடுத்தது ஒரே நாடு. கிள்ளானுக்கும் பினாங்குக்கும் ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணம்தான். ஒருத்தி நினைத்த நேரத்தில் வந்து, பதினாறாம் நாள் காரியம் வரை இருந்துவிட்டுப் போகிறாள். இன்னொருவனால் ஆயாவுக்கு வாய்க்கரிசி போட வர முடியவில்லை. இந்த இரண்டு விசாக்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அக்கா மகளின் விசா. அவள் கணினிப் பொறியியல் படித்தவள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதுகிறாள். இப்படி வேலை செய்பவர்களை 'டிஜிட்டல் நாடோடி' என்கிறார்கள். கொரோனா காலத்தில் சுற்றுலா வருமானம் படுத்துவிட்ட நாடுகள், சம்பளத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து உள்ளூரில் செலவழிக்கும் இந்த ஆட்களுக்குக் கதவைத் திறந்தன. 2020-இல் பார்படோஸ், எஸ்டோனியா தொடங்கி வைத்தன. 2022 அக்டோபரில் போர்ச்சுகல், தன் நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் உள்ளவருக்கு இந்த விசாவை அறிவித்தது. ஸ்பெயின் அந்த ஆண்டின் இறுதியில் சட்டம் இயற்றி, தன் குறைந்தபட்ச ஊதியத்தின் இரண்டு மடங்கு என்று அளவு வைத்தது. தாய்லாந்து 2024 ஜூலையில் ஐந்தாண்டு விசா ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும்.

மலேசியாவின் திட்டத்துக்கு 'டிஇ ரந்தாவ்' என்று பெயர். 2022 அக்டோபரில் தொடங்கியது. ரந்தாவ் என்றால் மலாய் மொழியில் சொந்த ஊரை விட்டுப் பிழைக்கப் போகும் தூர தேசம். கணினித் துறையில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் வருமானம் இருக்க வேண்டும். நம் பணத்தில் ஏறத்தாழ 20 லட்சம் ரூபாய். மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை தங்கலாம், இன்னும் ஓராண்டுக்கு நீட்டித்துக்கொள்ளலாம். கணவனோ மனைவியோ, குழந்தைகளோ கூட வரலாம். விண்ணப்பக் கட்டணம் 1,000 ரிங்கிட். வேலை ஒப்பந்தம், மூன்று மாத வங்கிக் கணக்கு, படிப்புச் சான்று, மருத்துவக் காப்பீடு, ஓராண்டுக்கு மேல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் ஆகியவற்றை இணையத்திலேயே ஏற்றிவிடலாம். யாரிடமும் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வரிசை இல்லை, புரோக்கர் இல்லை.

இந்த விண்ணப்பத்தில் எங்குமே சாதி என்று ஒரு கட்டம் கிடையாது. அதைக் காட்டித்தான் நம்மிடம் வாதாடுகிறார்கள். "பாருங்கள், உலகம் திறமையை மட்டும் பார்க்கிறது. உங்கள் வீட்டுப் பெண்ணே போயிருக்கிறாளே, இன்னும் ஏன் சாதியைப் பேசுகிறீர்கள்?" என்று என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கான பதிலை, அந்தப் பெண் சேர்த்த ஒவ்வொரு தாளும் எப்படி வந்தது என்று சொல்லித்தான் தர முடியும்.

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குவோம். ஈ.சி.ஆர். என்றால் நம் ஊர்க்காரர்களுக்குக் கடற்கரைச் சாலை நினைவுக்கு வரும். பாஸ்போர்ட்டில் அது வேறு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவரின் பாஸ்போர்ட்டில் அந்த முத்திரை விழும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக வேண்டுமானால் இந்திய அரசிடம் தனியாக அனுமதி பெற வேண்டும். படித்தவனுக்கு அந்த அனுமதி தேவையில்லை. படிக்காத தொழிலாளியை ஏமாற்றுகிறவர்களிடமிருந்து காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்கிறது அரசு. நோக்கம் அதுவாகவே இருக்கட்டும். ஆனால் பத்தாவது முடிக்காமல் போனவர்கள் யார்? சேரிப் பிள்ளைகளைப் பள்ளியில் தனியாக உட்கார வைத்த காலம், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய் ஆறு மாதம் பள்ளிக்கே வராமல் போன காலம், எட்டாவதோடு நிறுத்தி மேஸ்திரிக்குக் கையாளாக அனுப்பிய காலம் எல்லாம் சேர்ந்துதான் அந்த முத்திரையாகப் பாஸ்போர்ட்டில் விழுகிறது. என் அண்ணன் மகன் ஒன்பதாவதோடு நின்றவன்.

2018 ஜனவரியில் ஒன்றிய அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. இந்த முத்திரை உள்ளவர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் தனிப் பாஸ்போர்ட் கொடுக்கப் போவதாக அறிவித்தது. விமான நிலையத்தில் கையில் இருக்கும் அட்டையின் நிறத்தைப் பார்த்தே இவன் படிக்காதவன், கூலி வேலைக்குப் போகிறவன் என்று தெரிந்துவிடும். கடும் எதிர்ப்பு வந்ததும் அந்த மாத இறுதியிலேயே கைவிட்டார்கள். ஆனால் அப்படி ஒரு யோசனை ஒரு அதிகாரியின் மேசையில் உதித்து, அமைச்சகம் வரை போய், அறிவிப்பாகவும் வெளிவந்தது. வழி நெடுக யாருக்கும் உறுத்தவில்லை. கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டிக்கொண்டு நடக்கச் சொன்ன நாட்டில் அது யாருக்கும் உறுத்தாமல் போனதில் வியப்பில்லை.

அடுத்து காவல்துறை சரிபார்ப்பு. அக்கா மகளுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது, சரிபார்ப்புக்குத் தொலைபேசியில் அழைத்த காவலர் கேட்ட முதல் கேள்வி, "ஊரா, காலனியா?" என்பதுதான். பெண் பிள்ளை என்பதால் அதோடு போயிற்று. எங்கள் தெருப் பையன்களுக்கு அப்படிப் போகாது. திருவிழாத் தகராறு ஒன்றில் நாம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி புகார் கொடுத்தால், மறுநாளே நம் பையன்கள் பத்துப் பேர் மீது எதிர்வழக்கு பதிவாகும். வழக்கு பத்தாண்டு இழுக்கும். குற்றவியல் வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்குப் போட்டவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். வழக்கில் சிக்கிய நம் பிள்ளைகள் பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளூரில் பெயின்ட் அடிக்கிறார்கள்.

மூன்றாவது, வருமானம். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் என்றால் என்ன என்று என் அக்காவுக்குப் புரிய வைக்க முயன்றேன். அவர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, முழுக் கூலியும் வந்தால் ஆண்டுக்கு 33,600. மகளுக்கு மலேசியா கேட்ட ஓராண்டு வருமானத்தைச் சம்பாதிக்க அக்கா 59 ஆண்டுகளுக்கு மேல் ஏரியில் மண் அள்ள வேண்டும். ஒரே தலைமுறையில் இந்தத் தூரத்தை ஒரு பெண் தாண்டியிருக்கிறாள் என்றால் அதற்குக் காரணம் இட ஒதுக்கீடு, உதவித்தொகை, ஆதிதிராவிடர் நல விடுதி, தாலியை அடகு வைத்த ஒரு தாய். தனித் திறமை என்று நண்பர் சொல்வதற்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

நான்காவதாக ஒரு தாள் இருக்கிறது. அதை எந்த விண்ணப்பமும் கேட்காது. வீட்டிலிருந்து வேலை செய்ய வீடும் இணையமும் வேண்டும். கொரோனாவில் அவள் ஊருக்குத் திரும்பியபோது, இணையக் கேபிள் ஊர்த் தெருவின் கடைசி வீட்டோடு நின்றிருந்தது. "காலனிக்கு இழுக்க ஆர்டர் இல்லீங்க" என்றார்கள். ஆறு மாதம் மொட்டை மாடியில், செல்போனில் சிக்னல் பிடித்து, அமெரிக்க நேரத்துக்கு இரவெல்லாம் கொசுக்கடியில் உட்கார்ந்து வேலை செய்தாள். பிறகு சென்னையில் வீடு தேடினாள். ஏழு வீடு பார்த்தாள். சம்பளச் சீட்டைக் காட்டியதும் சிரித்தவர்கள், "சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு? வெஜ்தானே?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். ஏழாவது வீட்டில் முன்பணம் வாங்கிவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றிரவுதான் அவள் மலேசிய விண்ணப்பத்தைத் திறந்தாள்.

"ஊர் சுத்திப் பாக்க போகல மாமா. நிம்மதியா உக்காந்து வேல செய்ய ஒரு ரூம் வேணும், அதுக்குத்தான் போறேன்" என்றாள்.

அண்ணல் அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்புகளுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தலைப்பு. அதைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் வெளிநாட்டு விசா எதுவும் வராது. வருவதெல்லாம் மாட்டு வண்டிக்காரன், தண்ணீர்ப் பானை, விடுதி, மருத்துவர் என்று சொந்த நாட்டுக்குள் மறுக்கப்பட்ட நுழைவுகள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் பரோடாவுக்கு வேலையில் சேர வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். நியூயார்க்கில் இல்லாத தடை பரோடாவில் இருந்தது. நூறாண்டு கழித்து, சென்னையில் கிடைக்காத அறை பினாங்கில் கிடைக்கிறது. நம் பெண்கள் இப்போது உண்மையான விசாவை வாங்கிக்கொண்டு போவதன் பொருள் இதுதான். அதை ஆடம்பரம் என்றோ, மேட்டிமை என்றோ நம் தோழர்களே சிலர் ஏளனமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஏழு வீட்டுப் படி ஏறி இறங்கியவளிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இனி அண்ணன் மகனின் விசா.

அவனுக்கு மலேசியா கொடுத்தது தற்காலிக வேலை அனுமதி. 18 வயதுக்கு மேல் 45 வயதுக்குள் இருக்க வேண்டும். ஒரு முதலாளியின் பெயரில்தான் அனுமதி. அவரை விட்டு விலகினால் அனுமதி போய்விடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். குடும்பத்தைக் கூட்டி வரக் கூடாது. அங்கே திருமணம் செய்துகொள்ளக் கூடாது. மருத்துவப் பரிசோதனையில் காசநோய் போன்றவை தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெண் தொழிலாளி என்றால் கருவுற்றிருந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்வது மலேசியச் சட்டப்படியும் குற்றம்தான். ஆனாலும் அது முதலாளியின் மேசை அறையில்தான் இருக்கும்.

இந்திய அரசு பதிவு செய்த முகவர் ஒருவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு உண்டு. எங்கள் பகுதியில் ஒரு ஏஜெண்டு வாங்கியது ஒன்றரை லட்சம். அண்ணி தோட்டையும் மூக்குத்தியையும் விற்றார், மகளிர் குழுவில் கடன் வாங்கினார். மேற்பார்வையாளர் வேலை என்று சொல்லி அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்ததும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. கடன் அடையும் வரை அவனால் வாயைத் திறக்க முடியாது. முதலாளியும் தமிழர்தான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் மலேசியாவில் தற்காலிகமாக வாழ வந்தவர்கள். ஒருத்தி அந்த நாட்டின் பாத்திரத்தைக் கழுவவில்லை, கட்டடத்தைக் கட்டவில்லை, அங்குள்ள யாருக்கும் வேலை செய்யவில்லை. அவளுக்கு விருந்தாளி மரியாதை. இன்னொருவன் அந்த நாட்டுக்காரர்கள் சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறான். அவனுக்குக் கல்யாணம் செய்யக்கூடத் தடை. உழைப்பு உடம்பை ஒட்டி இருக்க இருக்க மரியாதை குறைகிறது. இந்த வரிசை நமக்குப் புதிதா? அழுக்கைத் தொடுகிறவன் கீழே, ஏட்டைத் தொடுகிறவன் மேலே என்று எழுதி வைத்த அதே வரிசையை, சாதி என்ற சொல்லே தெரியாத குடியேற்றத் துறைகளும் தம் போக்கில் கண்டுபிடித்திருக்கின்றன. அதனால்தான் நம் நாட்டுச் சாதி வரிசை அந்த விசா வரிசைக்குள் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது.

'நாடோடி' என்ற சொல்லும் இங்கே கவனிக்க வேண்டியது. ஊர் ஊராய்ப் போய்ப் பிழைத்த மக்களைக் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்த 1871-இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். காவல் நிலையத்தில் கையொப்பம், ஊரை விட்டு நகர அனுமதிச் சீட்டு. நரிக்குறவர் மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவே 2023 ஜனவரி வரை ஆனது. இன்றும் ஒரு பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் பெண் படுத்துறங்கினால் தடியால் தட்டி எழுப்புகிறார்கள். அதே சொல்லுக்கு முன்னால் 'டிஜிட்டல்' என்று சேர்த்து, பின்னால் 24,000 டாலர் இருந்தால் நாடுகள் போட்டி போட்டு அழைக்கின்றன.

மலேசியாவுக்கு நம் மக்கள் இப்படிப் போவது முதல் முறையும் இல்லை. என் தாத்தாவின் தம்பி முப்பதுகளில் கங்காணி பின்னால் மலாயாவுக்குக் கப்பலேறினவர். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் முடிந்த பிறகு, கங்காணி முறைதான் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தது. கங்காணி தன் ஊருக்கே வந்து, முன்பணம் கொடுத்து, சொந்தக்காரர்களையும் சேரி மக்களையும் அழைத்துப் போவான். முன்பணம் கடனாகும், கடன் கால் விலங்காகும். 1938-இல் இந்திய அரசு இப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜுலா' கப்பலின் மேல்தளத்தில் படுத்துக்கொண்டு போனவர்களில் ஏராளமானோர் பறையர், பள்ளர் மக்கள். அங்கே போயும் தோட்டத்து லயங்களில் அவர்களுக்குத் தனி வரிசை இருந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா போய் ஊர் ஊராகப் பேச வேண்டியிருந்ததும் சாதி அங்கேயும் கப்பலேறிப் போயிருந்ததால்தான். ரப்பர் மரத்தைக் கீறிய அந்தச் சின்னத் தாத்தா திரும்பி வரவே இல்லை. இன்று ஏஜெண்டு வந்திருக்கிறான், கப்பலுக்குப் பதில் விமானம். முன்பணக் கடன் மட்டும் மாறவில்லை.

விமானத்திலும் சாதி ஏறத்தான் செய்கிறது. பினாங்கில் இறங்கிய முதல் வாரம், வெளிநாட்டில் தொலைவேலை செய்யும் இந்தியர்களுக்கான வாட்ஸப் குழு ஒன்றில் அக்கா மகள் சேர்ந்தாள். வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேவை என்ற விளம்பரம் வந்தது. சுத்த சைவக் குடும்பத்துப் பெண்கள் மட்டும் தொடர்புகொள்ளவும் என்று முடிந்திருந்தது. கடல் கடந்து வந்தும் அதே ஏழாவது வீடு. கடைசியில் சீன மூதாட்டி ஒருவர் வாடகைக்கு விட்டார். "இந்தியர் வேண்டாம்" என்று எழுதும் வீட்டுக்காரர்களும் அங்கே உண்டு. இவளுடைய விசாவும் வெளிநாட்டுச் சம்பளமும் அவளை அதிலிருந்து கொஞ்சம் காப்பாற்றின. அமெரிக்காவில் 2020-இல் ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் மீது, தலித் பொறியாளர் ஒருவருக்கு நடந்த சாதிப் பாகுபாட்டுக்காகக் கலிபோர்னியா மாநிலத் துறையே வழக்குப் போட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். விசா கிடைத்துவிட்டால் சாதி கழன்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இதையெல்லாம் கணக்கில் வைக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? புலம்பிவிட்டு நிறுத்துவது நம் வேலை இல்லை. என் பார்வையில் இரண்டு கடமைகள் இருக்கின்றன.

ஒன்று, இந்தக் கதவு திறந்திருக்கும்போது நம் பிள்ளைகள் அதற்குள் நுழைய வேண்டும். எப்படி நுழைவது என்ற அறிவு இன்று ஒரு சில வீடுகளின் சாப்பாட்டு மேசையில் மட்டும் பேசப்படுகிறது. அதை நம் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். பத்தாவது தேறியவர்கள் சான்றிதழைக் காட்டி ஈ.சி.ஆர். முத்திரையை நீக்கிக்கொள்ளலாம். தேறாதவர்களும் வருமான வரி கட்டியிருந்தால், அல்லது மூன்றாண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருந்தால் நீக்கிக்கொள்ள வழி உண்டு. வழக்கு நிலுவையில் இருந்தாலும் பாஸ்போர்ட் கனவு முடிந்துவிடவில்லை. 1993 ஆகஸ்டு 25 அன்று வெளியான அரசாணைப்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி பெற்று வாங்கலாம். காவல் நிலையத்தில் வெறும் முதல் தகவல் அறிக்கை மட்டும் இருப்பதை நிலுவை வழக்காகக் கருத முடியாது என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. இதைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பையன்கள் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டார்கள்! நம் வழக்கறிஞர் தோழர்கள் மாதம் ஒரு ஞாயிறு அம்பேத்கர் படிப்பகத்தில் உட்கார்ந்து இதற்கென்றே மனு எழுதித் தரலாம்.

இரண்டாவது கடமை கடினமானது. உள்ளே போன பிள்ளைகள் பாத்திரம் கழுவுகிறவர்களை மறந்துவிடக் கூடாது; நாமும் மறக்கக் கூடாது. படித்த தலித் ஒருவர் பினாங்கில் உட்கார்ந்து படம் போட்டால் அதைக் கொண்டாடுகிறோம். கொண்டாடலாம். கிள்ளானில் பாஸ்போர்ட் இல்லாமல் நிற்பவனைப் பற்றி யாரும் படம் போடுவதில்லை. தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் ஜனவரியில் அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறது. அயலகத் தமிழர் நல வாரியமும் இருக்கிறது. அவற்றிடம் நாம் கேட்க வேண்டியவை திட்டமானவை. கூலி வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் புறப்படும் முன் அவர் ஒப்பந்தம் தமிழில் கையில் கிடைக்க வேண்டும். பதிவு இல்லாமலும் உச்சவரம்பை மீறியும் பணம் வாங்கும் ஏஜெண்டுகள் மீது மாவட்டந்தோறும் வழக்குப் பாய வேண்டும். பயணச் செலவுக்குக் கந்துவட்டியிடம் போகாமலிருக்க, தாட்கோ மூலம் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்திருக்கும் முதலாளியிடமிருந்து அதைத் திரும்பப் பெற்றுத் தர, தமிழ் பேசும் ஒருவர் அந்த நாட்டிலேயே இருக்க வேண்டும். சாவு வீட்டுக்கு வர ஒரு தொழிலாளிக்கு உள்ள உரிமையை இரு நாட்டு ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

அக்கா மகளுக்குக் கிடைத்ததைக் குறை சொல்லி அண்ணன் மகனுக்கு நியாயம் வாங்க முடியாது. குடும்பத்தோடு வாழலாம், வேலையை மாற்றிக்கொள்ளலாம், நினைத்தால் ஊருக்கு வரலாம், பாஸ்போர்ட் தன் கையிலேயே இருக்கும். அவளுக்கு இருக்கும் இந்த நான்கும் அவனுக்கும் வேண்டும். 24,000 டாலர் உள்ளவருக்கு இவற்றைக் கொடுக்க முடிகிற ஒரு நாடு, தன் தட்டைக் கழுவுகிறவனுக்கும் கொடுக்க முடியும்.

காரியம் முடிந்து அக்கா மகள் திரும்பிப் போனாள். பினாங்கு போகும் முன் கோலாலம்பூரில் இறங்கி, கிள்ளானுக்குப் போயிருக்கிறாள். உணவகம் மூடும் வரை காத்திருந்து, ஆயாவின் புடவையிலிருந்து கிழித்துக் கொண்டுபோன ஒரு துண்டை அவனிடம் கொடுத்தாளாம். அவன் முதலாளியிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, மலேசியச் சட்டத்தையும் அதில் குறிப்பிட்டு, அவன் கையொப்பம் வாங்கி அனுப்பியிருக்கிறாள். நகல் எனக்கு வந்தது. பதில் இன்னும் வரவில்லை. அது வரும் வரை இந்தப் பத்தியை முடிந்ததாக நான் எண்ணப் போவதில்லை.